களி தெறித்த கன்னம்

கரியாலூர் அஞ்சல், கல்வராயன் மலை
ஆடி 19, திங்கட்கிழமை சாயங்காலம்

அக்கா, அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நான், சங்கவி. இந்த வீட்டில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடியே எழுதுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனா மூடியைக் கழற்றினேன். அதற்கு அம்மா, "பின்ன, பொய்யா எழுதுவ? எழுதுடி" என்றார். இனி வருவது அம்மாவின் பேச்சு.

அன்பு மகள் நர்மதாவுக்கு உன் அம்மா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும். உன் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை, குடகில் விடாத மழையாம், காபித் தோட்டத்தில் அட்டை கடி தாங்கவில்லையாம், ஐப்பசியில் வருகிறேன் என்று சொன்னார். ஆடுகள் சுகம். நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று எழுதத்தான் எனக்கு வாய் வரவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று உன்னோடு பேசினேனே, உங்கள் நர்ஸ் படிப்பு விடுதியில் வாரத்துக்கு ஒரு தடவை போனைக் கையில் கொடுக்கிற பத்து நிமிஷத்தில் பாதி கேக்குதா கேக்குதா என்பதிலேயே போய்விட்டது, சொல்ல நினைத்ததில் கால்வாசிகூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுத் தைலம்மாளின் வீட்டுக்காரர் சின்னதுரை நாளைக் காலை முதல் பஸ்ஸில் இறங்கி, சின்னசேலத்தில் ரயில் பிடித்து, நீ இருக்கிற பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும், சாமை அரிசி கொஞ்சம், தேன் ஒரு பாட்டில், முறுக்கு ஒரு டப்பா, எல்லாம் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கு நான் சுட்டது இல்லை, அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தைலம்மாள் அவள் வீட்டில் சுட்டுத் தந்தாள், கொஞ்சம் உப்பு ஜாஸ்தி, பொறுத்துக்கொண்டு சாப்பிடு.

உன் தங்கைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று நேற்றுச் சொன்னேன். வலது கன்னத்தில் ஏழு முத்து. அதில் ஆறு அடங்கிவிட்டன, தோல் மட்டும் கருஞ்சிவப்பாக இருக்கிறது. ஒன்று கண்ணுக்கு நேர் கீழே, இமையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, அதுதான் என் உயிரை எடுக்கிறது. பதினோரு நாளாகிறது, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து மூன்று வேளையும் நானே போடுகிறேன், போடப் போடச் சுற்றிலும் சிவந்துகொண்டே போகிறது. காலையில் மஞ்சளாக நீர் கட்டி இமை ஒட்டிக் கிடக்கிறது, வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டுத்தான் பிரிக்கிறேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணைப் பிரிக்கும்போது, உள்ளே பார்வை இருக்குமோ இருக்காதோ என்று நான் படுகிற பாட்டை ஒருத்தரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். காய்ச்சல் அடித்ததா, முதுகில் இருக்கிறதா, வயிற்றில் இருக்கிறதா என்று நீ போனில் கேட்டாய். எங்கேயும் இல்லை என்றேன். "காய்ச்சலே இல்லாம அது இன்னா அம்மைமா" என்று நீ கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. நாலெழுத்து படித்துவிட்டால் ஆத்தாளையே கேள்வி கேட்பதா.

போன புதன்கிழமை ஆஸ்பத்திரி நர்ஸ் கண்ணகியும் வந்து இதையேதான் கேட்டாள். ஊரில் அம்மை என்று யாரோ சொல்லி, பதிவு எழுத வந்தாள். சங்கவியின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்து, "அம்மையா இருந்தா ஒடம்பு பூரா இருக்கணுமே, ஒரு பக்கத்துக் கன்னத்துல மட்டும் எப்டிக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது, "ஆத்தா எங்க எறங்கணும்னு நீ இன்னாமா சொல்றது" என்று கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, ஒரு களிம்பு டியூபை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அம்மை கண்ட வீட்டில் களிம்பு எதற்கு, தைலம்மாளிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்கும் ஆத்தா கோபித்துக்கொண்டாளோ என்னவோ, அடுத்த நாள்தான் கண் ஒட்ட ஆரம்பித்தது. அன்றைக்கே குளித்து ஈரத் துணியோடு கோயிலுக்குப் போய், தாயே, என் பிள்ளை முகத்தில் ஒரு வடு இல்லாமல், கண்ணுக்குக் கெடுதல் இல்லாமல் நீ இறங்கினால் ஆடிக் கடைசி வெள்ளிக்கு நான் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நாளை செவ்வாய்க்கிழமை தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றுகிறேன். நீ திருவிழாவுக்கு லீவு போட்டு வராதே. நீயும் ஆஸ்பத்திரியில் நாலு பேரைத் தொட்டு வேலை பழகுகிறவள், இங்கே வந்து ஒட்டிக்கொண்டால் நான் எங்கே போவேன். தலையணைக்கு அடியில் இரண்டு வேப்பிலை வைத்துக்கொள்.

அக்கா, இனி சங்கவி. மழை இறங்கியதும் அம்மா ஆடுகளை ஓட்டிவரப் போய்விட்டார். "கருப்பாடு குட்டி போட்டத எழுதி வை, வந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் வழக்கம் உனக்குத் தெரியும், எழுதின கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுவார், ஒரு தடவை காதுக்கு, ஒரு தடவை மனசுக்கு என்பார். அவர் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். கருப்பாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடா. எழுதிவிட்டேன். அக்கா, எனக்கு அம்மை இல்லை.

என் கன்னத்தில் இருப்பது களி தெறித்த புண். பதினோரு நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் உலை வைத்தேன், அம்மா சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொதித்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டினேன். கொட்டியவுடன் களி கிண்டுகிற துடுப்பின் காம்பால் மாவின் நடுவில் குத்தி, ஆவி போக வழி விட வேண்டும், அம்மா எத்தனையோ தடவை காட்டிக்கொடுத்தது. என் மடியில் பள்ளி நூலகத்துப் புத்தகம் இருந்தது, கடலுக்கு அடியில் இருக்கிற மலைகளைப் பற்றியது. அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுக் குத்தலாம் என்று இருந்தேன். அடைபட்ட ஆவி மாவைத் தூக்கி அடித்தது. ஏழு இடத்தில் பட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது, களி ஒட்டினால் உதறினாலும் விழாது, நான் விரலால் வழித்தபோது கண்ணுக்குக் கீழே தோலும் சேர்ந்து வந்தது.

சூடு பட்டால் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் விட வேண்டும் என்று எனக்குத் தெரியும், தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் வீட்டில் இருந்தது அம்மா ஊற்றிலிருந்து சுமந்துவந்த இரண்டு குடம். குடம் குறைந்தால் ஏன் என்று கேட்பார். இரண்டு சொம்பு ஊற்றிவிட்டு நிறுத்திவிட்டேன். கேட்டால் கேட்கட்டுமே என்று நீ நினைப்பாய். போன மாதமும் நான் படித்துக்கொண்டே களியைத் தீய விட்டேன். அன்றைக்கு அம்மா, "இன்னொரு தபா அடுப்பாண்ட பொஸ்தகத்தப் பாத்தேன், பொஸ்தகத்த அடுப்புல வெச்சிட்டு ஒன்னிய ஒங்கப்பன்கூட காபித் தோட்டத்துக்கு அனுப்பிடுவேன், ஒம்போதாவது படிச்சது போதும்" என்றார். கோபத்தில் சொன்னது என்று உனக்குத் தெரியும். என்னோடு படித்த இரண்டு பேர் இப்போது அங்கேதான் மிளகு பறிக்கிறார்கள், அதனால் எனக்கு அது கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை.

அம்மா இருட்டுகிற நேரத்தில் வந்தார். என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார், ஏழு கொப்புளம். நெற்றியைத் தொட்டார், அடுப்படியில் இருந்ததால் சுட்டது. "இன்னாடி இது" என்று அவர் கேட்டபோது, சொல்லிவிடுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவே, "ஆத்தா வந்துட்டாளே" என்று இரண்டு கையையும் கூப்பி என் எதிரில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னைக் கும்பிட்டார், அக்கா. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது. அன்றிலிருந்து என்னை 'தாயே' என்றுதான் கூப்பிடுகிறார், ஒரு வார்த்தை திட்டவில்லை, வாசலில் வேப்பிலை கட்டி, தாளிக்காமல் சமைத்து, எனக்கு இளநீர் வெட்டித் தந்துவிட்டு அவர் வெறும் கூழ் குடிக்கிறார். தைலம்மாள் அத்தை வேலிக்கு வெளியே நின்று, "ஒம் பொண்ணு சதா கண்ணாடி பாத்துக்கினு இருந்தாளே, அதான் ஆத்தாளும் வந்து எட்டிப் பாத்துட்டா" என்று சிரிப்பார், அம்மா சிரிக்க மாட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

கண்ணகி அக்கா வந்த அன்றைக்கு அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போன ஒரு நிமிஷத்தில் அவர் என் தாடையைப் பிடித்து, "சூடு பட்டதுதானே" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் என்னிடம் மெதுவாகவும், அம்மா வந்த பிறகு அம்மாவிடம் சத்தமாகவும் சொன்னதை எல்லாம் நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். நீயும் சரிதானா என்று பார். புண்ணில் மஞ்சள், வேப்பிலை, பவுடர், பேஸ்ட் ஒன்றும் வைக்கக் கூடாது. கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் காலையும் மாலையும் கழுவி, துவைத்த மெல்லிய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். காயாமல் இருக்க வாஸ்லின் மாதிரிக் களிம்பை மெல்லியதாகத் தடவலாம், கண்ணுக்குள் போகக் கூடாது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது, அரித்தால் நகத்தால் தொடாமல் ஈரத் துணியை வைக்க வேண்டும். புதுத் தோல் ரோஜா நிறத்தில் வரும், அதில் வெயில் பட்டால் கருத்து மாதக் கணக்கில் நிற்கும், பத்து மணியிலிருந்து நாலு மணி வரை குடையோ முக்காடோ இல்லாமல் வெளியே போகக் கூடாது. கருப்பு போக வேண்டும் என்று கடையில் விற்கிற வெள்ளையாக்கும் கிரீமை ஒருநாளும் தொடக் கூடாது. சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, கண் வீங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இதை அவர் இரண்டு தடவை சொன்னார். சிவப்பு பரவி நாலு நாளாகிறது.

அம்மா காட்டுக்குப் போகிற நேரத்தில் மஞ்சளைக் கழுவிவிட்டு வெந்நீர் ஆற வைத்துத் துடைத்துப் பார்த்தேன், அம்மா வந்து காய்ந்துவிட்டதே என்று மறுபடியும் அரைத்துப் போடுவார். இன்றைக்குக் காலையில் கண்ணைப் பிரித்த பிறகு கொஞ்ச நேரம் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அதுகூட என் பயத்தில் பாதிதான். அம்மா பழைய மண்சட்டி ஒன்றை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அதில் நெருப்பை நிரப்பிக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றப்போகிறார். களை பிடுங்கி வெடித்த அந்தக் கையில். நான் ஒரு பக்கம் படித்ததற்காக. பதினோரு நாளும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். உனக்கு மட்டும் எழுதிவிட்டு, அம்மாவுக்கு வாசிக்கும்போது இந்தப் பக்கங்களைத் தாண்டிவிடலாம் என்றும் நினைத்தேன், அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் எவ்வளவு எழுதியிருக்கிறேன் என்று பார்க்கத் தெரியும், கடிதம் நீளமாக இருந்தால் சந்தோஷப்பட்டு ஒன்றுவிடாமல் படி என்பார். ஆட்டுச் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார்.

வாசித்துவிட்டேன் அக்கா. அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார், தேன், முறுக்கு, ஆட்டுக்குட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு அம்மை இல்லை என்ற இடத்தில் என் சத்தம் இறங்கிவிட்டது. "இன்னா, ஒழுங்காப் படி, காதுல வுழல" என்றார். சத்தமாகப் படித்தேன். துவட்டின கை அப்படியே நின்றது. முடிந்ததும் எழுந்து அடிப்பார் என்று இருந்தேன், அவர், "இன்னொரு தபா படி" என்றார். முதல் தடவை வாசித்ததைவிட இரண்டாம் தடவை வாசிப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, அடுத்தது என்ன வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மண்சட்டி வந்த இடத்தில் அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் அடுப்பில் தண்ணீர் வைத்தார். கொதித்தது. இறக்கி ஆற வைத்தார். ஆறுகிற வரைக்கும் நான் அழுதுகொண்டிருந்தேன், அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஆறினதும் அவருடைய பழைய வெள்ளைப் புடவையில் ஒரு துண்டைக் கிழித்து நனைத்து, மஞ்சளை ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே வந்ததும் நிறுத்திவிட்டு, "களி பட்டப்ப எரிஞ்சிருக்குமேடி, கத்தக்கூட இல்லியா" என்றார். கத்தினால் அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று கத்தவில்லை என்றேன். "நெருப்பவிட என்னக் கண்டாதான் ஒனக்கு பயமா" என்று கேட்டார். உள்ளபடி சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, ஆமாம் என்றேன். அம்மா துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தார். கண்ணுக்குக் கீழே இருந்ததையும் ஒற்றி எடுத்துவிட்டு, "பேனாவ எடு, எழுது" என்றார். இனி வருவது அம்மா சொன்னது.

நர்மதா, கேட்டுவிட்டேன். பதினோரு நாள் என் கையாலேயே அந்தப் புண்ணைக் கெடுத்திருக்கிறேன். நாளை தலைக்குத் தண்ணீர் ஊற்றப் போவதில்லை. சின்னதுரை ஏறுகிற அதே முதல் பஸ்ஸில் நாங்களும் ஏறிக் கரியாலூரில் இறங்கி, கண்ணகி வரும்வரைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்போம். அவளிடம் நான் பேசின பேச்சுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்று தெரியவில்லை, நின்றுதான் ஆக வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் வாயால் கேட்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஆத்தாளுக்குச் சொன்ன வார்த்தையை என்ன செய்வது என்று பூசாரியைக் கேட்கவும் பயமாக இருக்கிறது, கேட்காமல் விடவும் பயமாக இருக்கிறது. சங்கவி சட்டி எடுக்காதே என்று அழுகிறாள், நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவளைக் காபித் தோட்டத்துக்கு அனுப்ப மாட்டேன், இதை உனக்கு எழுதுகிறபோதே அவள் கையால் அவளே எழுதட்டும் என்றுதான் சொல்கிறேன். எழுதினாயாடி என்று கேட்டுக்கொண்டேன், எழுதினேன் என்கிறாள்.

வராதே என்று மேலே சொன்னதை அடித்துவிடச் சொன்னேன், அடித்தால் நான் சொன்னது இல்லாமல் போய்விடுமா என்று கேட்கிறாள். அது அங்கேயே இருக்கட்டும், இதை எடுத்துக்கொள்: லீவு கிடைத்தால் வா. வந்து அவள் கன்னத்தைப் பார்த்து, வடு நிற்குமா நிற்காதா என்று என் மனசுக்காக மழுப்பாமல் சொல். நீ நன்றாக இரு, உன் கை பட்டவர்கள் எல்லாம் நோய் தீர்ந்து எழுந்து நடக்கட்டும், குலதெய்வம் உன் கூடவே இருக்கட்டும். சாமை அரிசியைச் சாக்கில் வைக்காதே, டப்பாவில் கொட்டி வை. இன்னொன்று. நீயும் அங்கே ஏதாவது ஒன்றை என்னிடம் சொல்லப் பயந்து மனசில் வைத்திருந்தால் வரும்போது சொல்லிவிடு. நான் திட்டுவேன். திட்டினாலும் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா,
பழனியம்மாள்

அக்கா, மழை விட்டு ஈசல் கிளம்பிவிட்டது. ஈரமாக இருக்கிற கன்னத்தில் வந்து ஒட்டும் என்று அம்மா வாசல் விளக்கை அணைத்துவிட்டார், உள் விளக்கையும் அணைக்க நான் எழுதி முடிப்பதற்காக நிற்கிறார்.